ராஜாவிடம் கெஞ்சிய தீர்க்கதரிசி

புது வருஷ வாக்குத்தத்த அட்டைகளில் பைபிளில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் 29:11-க்கு, நல்ல எதிர்காலம் தருவேன் என்று கர்த்தர் சொல்லும் வசனத்துக்கு, தனி மவுசு. அதற்கு முந்தின வசனத்தில் உள்ள 70 வருஷ பாபிலோன் சிறையிருப்புக் கணக்கை மட்டும் யாரும் அச்சடிப்பதில்லை. அதை எழுதியவரின் சிறைவாசமும் நம் பிரசங்கங்களில் துரவில் (கிணறு போன்ற குழியில்) போட்டார்கள், தூக்கினார்கள், அல்லேலூயா என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

எனக்கு 37-ஆம் அதிகாரம்தான் பெரிது. எகிப்தின் படை வருகிறதென்று கல்தேயர், அதாவது பாபிலோனியர், எருசலேம் முற்றுகையை விட்டு விலகிய நேரம். பென்யமீன் நாட்டுக்குப் புறப்பட்ட எரேமியாவை, எதிரியோடு சேரப் போகிறாய் என்று நகர வாசலிலேயே பிடிக்கிறார்கள். பொய் என்கிறார், யார் கேட்டது? அடித்து, சம்பிரதி (எழுத்தர்) யோனத்தானின் வீட்டு நிலவறையில் போட்டுவிட்டார்கள்.

பல நாள் கழித்து யூதாவின் ராஜா சிதேக்கியா ரகசியமாகக் கூப்பிட்டுக் கேட்கிறான், கர்த்தரிடமிருந்து வார்த்தை ஏதும் உண்டா? உண்டு, பாபிலோன் ராஜாவின் கையில் அகப்படுவீர் என்கிறார். சொன்ன கையோடு கெஞ்சவும் செய்கிறார்: என்னை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதேயும், செத்துப்போவேன்.

இவரைக் காப்பாற்றக்கூடியவன் எதிரில் நிற்கிறான். கொஞ்சம் இனிப்பாகப் பேசியிருந்தால் வீட்டுக்கே போயிருக்கலாம். உயிருக்குப் பயம் இருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை. ஆனால் செய்தியில் ஒரு சொல் குறையவில்லை. விசுவாசி என்றால் பயமே கூடாது என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த இடத்தை எப்படித் தாண்டிப் போகிறார்களோ!

கிடைத்த சலுகை, காவற்சாலை முற்றமும், நகரத்தில் அப்பம் தீரும்வரை தினம் ஓர் அப்பமும். அதையும் பிரபுக்கள் பொறுக்கவில்லை. போர்வீரர்களின் தைரியத்தைக் கெடுக்கிறான் என்று சொல்லித் தண்ணீரில்லாத, சேறு நிறைந்த துரவில் இறக்கினார்கள். அவர்களில் யூகால், கெதலியா இருவரின் பெயர் பொறித்த களிமண் முத்திரைகள் எருசலேம் அகழாய்வில் 2005-லும் 2008-லும் கிடைத்தன. தூக்கிவிட்டது சொந்த ஜனம் அல்ல, எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியர். கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளக் கந்தைத் துணிகளையும் இறக்கிக் கொடுத்த மனுஷன்.

சரி, நகரம் விழுந்து, சொன்னதெல்லாம் பலித்ததே, மரியாதை வந்ததா? மிஞ்சின ஜனங்கள் அவரையும் எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்: உம் பேச்சைக் கேட்கமாட்டோம், வானராக்கினிக்கு (அவர்கள் வணங்கிய பெண் தெய்வத்துக்கு) தூபம் காட்டுவதை நிறுத்தின பிறகுதான் எங்களுக்கு இந்தக் கேடெல்லாம் வந்தது.