தோசைக்கல்லைத் தேய்க்காதீர்கள், ப்ளீஸ்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, இரும்பு தோசைக்கல்லைக் கம்பி நாரும் சபீனாவும் போட்டுத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கிவிட்டார். திட்டவும் முடியவில்லை, பாவம், அவ்வளவு பெருமையாகக் காட்டினார். மறுநாள் காலை ஒரு தோசைகூட முழுசாக எழவில்லை. பதினோரு வருஷம் பழகின கல்.

அந்தக் கருப்பு அழுக்கில்லை. எண்ணெய் சூட்டில் இறுகி, இரும்பின் மேல் படலமாகப் படிந்தது. அதுதான் மாவைக் கல்லோடு ஒட்டவிடாமல் காப்பது, துருவையும் தடுப்பது. சரி, கிருமி? தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிற சூட்டில் எந்தக் கிருமி உட்கார்ந்திருக்கும்? துணியால் துடைத்து, துளி எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

குக்கர் அடியில் இருக்கும் கரியாலும் யாருக்கும் கெடுதல் இல்லை. வேலை செய்ய வரும் அக்காவை அதற்காக விரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே வீட்டில் வெயிட் போடும் குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பருப்பு அடைத்துக்கொண்டால் ஆபத்து அங்கேதான்.

மிக்சி ஜாரில் பிளேடுக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். முந்தாநாள் சட்னி இருக்கும். கோழி நறுக்கிய பலகையைச் சும்மா தண்ணீரில் அலசிவிட்டு அதிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவோம். பச்சையாகத் தின்னப்போகிற காய்! சோப்பு போட வேண்டிய இடம் அதுதான்.

எல்லாவற்றையும்விட மோசம், நாம் தேய்க்கிற ஸ்பாஞ்ச். 2017-இல் ஜெர்மனியில் வீடுகளில் புழங்கிய 14 ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்தார்கள். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டரில் 5,000 கோடிக்கும் மேல் பாக்டீரியா. அத்தனையும் நோய் தருபவை இல்லைதான். ஆனாலும் ஈரமாகச் சிங்க் ஓரத்தில் கிடக்கும் அதைக் கொண்டுதானே தட்டைச் 'சுத்தம்' செய்கிறோம்? கரித்துணியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பாட்டி தேங்காய் நாரால் தேய்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவாள். அடுத்த நாளைக்குப் புது நார்.

கல் இப்போது தேறி வருகிறது. தினமும் பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தோய்த்துத் தேய்க்கிறேன். பிய்ந்து வரும் தோசை எல்லாம் அவர் தட்டுக்கே போகிறது. சத்தமில்லாமல் சாப்பிடுகிறார்.