அமெரிக்கத் துணைவர் விசா: கோப்பை இருவருமே படிக்க வேண்டும்

ஒருவர் அமெரிக்காவில், இன்னொருவர் தமிழ்நாட்டில் என்று பிரிந்திருக்கும் தம்பதிகளின் குடியேற்ற விசா கோப்புகளில் பெரும்பாலும் ஒரே வழக்கம்தான். அங்கிருப்பவர் எல்லாப் படிவங்களையும் நிரப்புகிறார். இங்கிருப்பவர் கேட்ட சான்றிதழை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பிவிட்டு, தன் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார். இந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

மனு அங்கிருப்பவர் பெயரில் போகிறது. ஆனால் மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் கவுன்ட்டர் முன் தனியாக நின்று, சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதியளித்துப் பதில் சொல்லப்போகிறவர் இங்கிருப்பவர். (இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குக் குடியேற்ற விசா நேர்காணல் மும்பையில்தான், சென்னையில் அல்ல.) டிஎஸ்-260 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பம் அவருடைய வாக்குமூலம். அதில் முக்கியமான ஒரு விஷயம் பொய் என்று தெரிந்தால் வாழ்நாள் தடைவரை போகலாம். தான் படிக்காத தாளுக்கு ஒருவர் இப்படிப் பொறுப்பேற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முதல் வேலை ஊரில்தான், அதுவும் ஐ-130 (துணைவரை அழைத்துக்கொள்ள அங்கிருப்பவர் போடும் மனு) போடுவதற்கு முன்பே. நம் பக்கத்துக் கோப்புகளில் அதிகம் சிக்குவது பெயர். பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து ஒரு பெயர், ஆதாரில் கணவர் பெயர் ஒட்டிக்கொண்டு இன்னொன்று. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். அது கிரீன் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி, ஓட்டுநர் உரிமம் என்று மற்றவற்றிலும் தொடரக்கூடும். ஆகவே பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து சர்நேமைப் பிரித்து வாங்கிவிட்டு, அந்தப் பெயரிலேயே மனுவைத் தொடங்குங்கள். மற்ற ஆவணங்களில் இருக்கும் வடிவங்கள் எல்லாவற்றையும், ஒரு எழுத்து வேறுபட்டாலும், ‘வேறு பெயர்கள்’ என்ற கட்டத்தில் எழுதுங்கள். மறைத்தால் கேள்வி வரும், எழுதிவிட்டால் பெரும்பாலும் வராது.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமல் ‘ஆண்’, ‘பெண்’ என்று மட்டும் இருப்பது நம் ஊரில் சகஜம். பதிவு செய்த உள்ளாட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துப் புதுப் பிரதி வாங்குங்கள். பிறப்பு பதிவாகவே இல்லையென்றால் ‘பதிவு இல்லை’ என்ற சான்றும், அதோடு பள்ளிச் சான்றிதழும் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரின் பிரமாணப் பத்திரமும் வேண்டும்.

திருமணத்துக்குக் கோயில் ரசீதோ மண்டபப் பில்லோ போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழ்தான் வேண்டும். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. விடுப்பில் வந்து தாலி கட்டிவிட்டு அடுத்த வாரமே விமானம் ஏறுகிறவர்கள் பதிவுத் தேதியையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். காணொலி வழியே பதிந்துகொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு வழக்கில் அதற்கு அனுமதி கொடுத்தது உண்மைதான். ஆனால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் வேறு. திருமணச் சடங்கின்போது இருவரும் நேரில் சேர்ந்து இருக்கவில்லை என்றால், அதற்குப் பிறகு நேரில் சந்தித்துத் தாம்பத்திய உறவு கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் திருமணத்தை அது ஏற்காது. சந்திப்புக்குச் சான்றாகப் பாஸ்போர்ட் முத்திரையையும் போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்துங்கள். முதல் திருமணம் இருந்தால் நீதிமன்ற விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். முத்திரைத் தாளில் எழுதிக்கொண்ட ‘பிரிவினை ஒப்பந்தம்’ செல்லாது.

ஐ-130 கட்டணம் 2024 ஏப்ரலில் ஆன்லைனுக்கு 625 டாலர், காகிதத்துக்கு 675 டாலர் என்று ஆனது. கட்டணமும் படிவத்தின் பதிப்பும் மாறக்கூடியவை, போடும் நாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூடவே துணைவரைப் பற்றிய விவரப் படிவமான ஐ-130ஏ போக வேண்டும். அயல்நாட்டில் இருக்கும் துணைவர் அதில் கையெழுத்திட வேண்டியதில்லை. அதனாலேயே பலர் அதை அவரிடம் காட்டாமல் நிரப்பிவிடுகிறார்கள். கடைசி 5 ஆண்டு முகவரி, வேலை விவரங்களெல்லாம் அதில்தான். பிறகு டிஎஸ்-260இல் அவர் சொல்வது இதனோடு ஒத்துப்போகாமல் நிற்கும்.

உறவு உண்மையானது என்பதற்குச் சேர்ந்து வாழும் தம்பதிகள் கூட்டுக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் காட்டுவார்கள். பிரிந்திருப்பவர்களிடம் அது இருக்காது. அதற்காக 300 கல்யாணப் போட்டோ அனுப்பாதீர்கள். தேதியும் இடமும் உடனிருப்பவர் யார் என்பதும் எழுதிய 15, 20 படங்கள் போதும். கல்யாண நாளுக்குப் பிந்தைய படங்களுக்கே எடை அதிகம். காப்பீட்டிலும் ஓய்வூதியக் கணக்கிலும் துணைவரை நாமினி ஆக்கிய தாள், மாதாமாதம் அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவு, வந்துபோன பயணச்சீட்டுகள் ஆகியவை நன்றாகப் பேசும்.

மனு போடுபவர் குடிமகனா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. குடிமகனின் துணைவருக்கு ஆண்டு விசா எண்ணிக்கை வரம்பு இல்லை. கிரீன் கார்டுக்காரரின் துணைவர் எஃப்2ஏ பிரிவில், மாதந்தோறும் வரும் விசா புல்லட்டினைப் (யாருடைய முறை வந்தது என்று சொல்லும் அமெரிக்க அரசின் பட்டியல்) பார்த்துக் காத்திருக்க வேண்டும். இடையில் மனுதாரர் குடியுரிமை பெற்றால் சான்றை என்விசிக்கு (அமெரிக்காவின் தேசிய விசா மையம்) உடனே அனுப்புங்கள், பிரிவு மாறும். ஆனால் எஃப்2ஏயில் தாயோடு அல்லது தந்தையோடு சேர்ந்து வரக்கூடிய குழந்தைக்கு, குடிமகன் பிரிவில் தனி ஐ-130 வேண்டும். தாய்க்கு மட்டும் விசா வந்து பிள்ளை ஊரில் நின்றுபோகும் கொடுமை இங்கேதான் தொடங்குகிறது.

மனு ஏற்கப்பட்டதும் கோப்பு என்விசிக்குப் போகும். விசா கட்டணம் 325 டாலர், ஸ்பான்சர் படிவத்துக்கு 120 டாலர். அப்போது வரும் கேஸ் எண், இன்வாய்ஸ் ஐடி இரண்டையும் ஊரில் இருப்பவரிடமும் கொடுங்கள். அவை இல்லாமல் அவர் தன் விண்ணப்பத்தைத் தானே திறந்து பார்க்க முடியாது. சான்றிதழின் பின்பக்கத்தில் முத்திரை இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், இரு மொழியும் அறிந்து சரியாக மொழிபெயர்த்தேன் என்று மொழிபெயர்த்தவர் கையொப்பமிட்ட வரியும் வேண்டும்.

ஸ்பான்சர் படிவமான ஐ-864 வெறும் வருமானச் சான்று அல்ல, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். வந்தவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது சமூகப் பாதுகாப்புக் கணக்கில் 40 காலாண்டு வேலை சேரும்வரை, அல்லது நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகும்வரை அது நீடிக்கும். விவாகரத்து அதை முடிக்காது. கையெழுத்திடுபவரும் தெரிந்திருக்க வேண்டும், வருகிறவரும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பான்சரின் வருமானம் அமெரிக்க அரசின் வறுமை வரம்பில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். இருவர் குடும்பத்துக்கு 2025 கணக்கில் அது 26,437 டாலராக இருந்தது. குறைந்தால் குடிமகனின் துணைவருக்குக் குறையும் தொகையின் 3 மடங்கு சொத்து காட்டலாம், அல்லது இணை ஸ்பான்சர் ஒருவர் வேண்டும். அந்த இணை ஸ்பான்சர் அமெரிக்காவில் வசிப்பவராக இருக்க வேண்டும், ஊரில் சொத்துள்ள மாமனார் ஆக முடியாது. வருமான வரிக்கு ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) தரும் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது வரிக் கணக்கின் பதிவு, இலவசம், அதையே இணையுங்கள்.

போலீஸ் சான்று பாஸ்போர்ட் சேவா வழியாக வாங்கலாம். 16 வயதுக்குப் பிறகு துபாய், சிங்கப்பூர் போன்ற வேறு நாட்டில் ஓராண்டோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். அதற்குத்தான் நாளாகும், முதலிலேயே தொடங்குங்கள். மருத்துவப் பரிசோதனை பொதுவாக 6 மாதத்துக்குச் செல்லும், விசாவின் காலமும் அதை ஒட்டியே அமையும். மார்பு எக்ஸ்ரேயில் காசநோய் சந்தேகம் வந்தால் சளியை மூன்று முறை எடுத்து வளர்ப்புச் சோதனை செய்வார்கள், அதற்கு 8 வாரம்வரை ஆகும். பாஸ்போர்ட் விசாவோடு கைக்கு வரும்வரை வேலையை விடாதீர்கள், டிக்கெட் போடாதீர்கள்.

மனு நிலுவையில் இருக்கும்போது சுற்றுலா விசா கேட்பது தடை இல்லை. ஆனால் மறுக்கப்படும் வாய்ப்பு அதிகம். குடியேற்ற மனு போடப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றே எழுத வேண்டும். ‘இல்லை’ என்று எழுதச் சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள்.

விசா வந்ததும், பயணத்துக்கு முன் 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தை ஆன்லைனில் கட்டுங்கள். கட்டாவிட்டால் கார்டு அச்சாகி வராது. அமெரிக்காவில் நுழையும் நாளில் திருமணமாகி 2 ஆண்டு முடிந்திருக்கவில்லையென்றால் கிடைப்பது 2 ஆண்டு நிபந்தனைக் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளில், நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 போட வேண்டும். வழக்கமாக இருவரும் சேர்ந்து கையெழுத்திடும் படிவம் அது. ஆனால் விவாகரத்து ஆகிவிட்டாலோ, வீட்டில் வன்முறை இருந்தாலோ, துணைவரின் கையெழுத்து இல்லாமல் தனியாகவும் போடலாம், எப்போது வேண்டுமானாலும் போடலாம். புது நாட்டுக்குத் தனியே விமானம் ஏறும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆணுக்கும் கிளம்புவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.