படுத்தது என் பெட்டிதான், அதனால் என்ன?

முகநூலில் என் நண்பர் ஒருவர் போட்ட அந்த ஸ்க்ரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினொரு பேர் அனுப்பினார்கள், "இது உங்களுடையதுதானே?" என்ற கேள்வியோடு. ஆமாம், என்னுடையதுதான். வெள்ளைப் பக்கம், நடுவில் "இந்தத் தளத்தை அடைய முடியவில்லை" என்ற வரி, மேலே என் பெயரில் இருக்கும் முகவரி. அதற்குத் தலைப்பாக அந்த நண்பர் எழுதியது: "வீட்டுக்குள் கடை விரித்தால் இப்படித்தான்." எத்தனை பேர் சிரித்தார்கள் என்று நான் எண்ணவில்லை. (எண்ணினேன். விட்டுவிடுங்கள்.)

சனிக்கிழமை மாலை நான்கு மணி நேரம் என் வலைத்தளம் திறக்கவில்லை. மறுக்கவில்லை. என் வலைத்தளம் என் மேசைக்கு அடியில் இருக்கும் பழைய டெஸ்க்டாப் கணினியில் ஓடுகிறது என்பதையும் நான் மறைத்ததில்லை. ஆனால் அது ஏன் படுத்தது என்று எனக்குத் தெரியும். இதை இந்தப் பதிவில் இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். மூன்று மணி வாக்கில் மின்சாரம் ஒரு நிமிடம் போய் வந்தது. கணினி யுபிஎஸ்ஸில் இருந்ததால் அசையவில்லை. ரௌட்டரை யுபிஎஸ்ஸில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்; நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன். அது அணைந்து எழுந்தது. எழும்போது இணைய நிறுவனம் வேறொரு ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் என் வீட்டைக் குறிக்கும் எண்ணைக் கொடுத்தது. வீட்டு இணைப்பில் இது வழக்கம். அதற்காகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (சில வரி நிரல்) வைத்திருக்கிறேன். வெளியே ஒரு சர்வரிடம் "இப்போது என் முகவரி என்ன?" என்று கேட்கும், வந்த பதிலைக் கொண்டுபோய் டிஎன்எஸ் பதிவில், அதாவது தளத்தின் பெயருக்கு எண் முகவரி சொல்லும் இணையத்தின் தொலைபேசிப் புத்தகத்தில் எழுதும். இந்த முறை ரௌட்டர் எழும்போது ஐபிவி6 என்ற புதுவகை முகவரி இணைப்பையும் சேர்த்துக்கொண்டு எழுந்திருக்கிறது. ஆகவே புள்ளி வைத்த நான்கு எண்களுக்குப் பதிலாக, முக்காற்புள்ளிகள் நிறைந்த நீளமான புதுவகை முகவரி பதிலாக வந்தது. ஸ்கிரிப்ட் அதைப் பழைய வகை முகவரிக்கான இடத்தில் எழுதப் பார்த்தது. டிஎன்எஸ் சேவை மறுத்தது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டது, மறுபடி மறுத்தது. நான்கு மணி நேரத்தில் நாற்பத்தெட்டு முறை. நாற்பத்தெட்டு மறுப்பையும் ஒழுங்காக ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்திருந்தது, பாவம், படிக்கத்தான் ஆள் இல்லை. நான் வெளியே இருந்தேன்.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பைத் திறந்ததும் புரிந்துவிட்டது. கட்டளையில் ஒரு சிறு கோடும் ஒரு 4-உம் சேர்த்தேன். பழைய வகை முகவரியை மட்டும் கேள் என்று அர்த்தம். இரண்டே எழுத்து. ஐந்தாறு நிமிடத்தில் தளம் எழுந்துவிட்டது.

வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது, வருகிறவர்களுக்கு வழி சொல்ல ஆளில்லை. அவ்வளவுதான் நடந்தது. இதைக் கேலி செய்கிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். நீங்கள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் இதே முகநூல், 2021 அக்டோபர் 4 அன்று ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்க முடங்கிக் கிடந்தது. வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் கூடவே படுத்தன. வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் அவர்களுடைய உள் இணைப்புகள் அறுந்து, கடைசியில் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்கு வரும் வழியே இணையத்திலிருந்து காணாமல் போனது. என் வீட்டில் நடந்ததும் அதே வகைதான், பெயர் இருந்தது, வழி இல்லை. அவர்களுக்கு ஆறு மணி நேரம், எனக்கு நான்கு. அவர்களிடம் எத்தனை பொறியாளர்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறாயா?" என்று கேட்பீர்கள். ஒட்டியது. துடைத்துக்கொண்டேன். எங்கே ஒட்டியது என்று எனக்குத் தெரியும் என்பதுதான் என் வாதம்.

எங்கள் தளம் 99.9 சதவீத நேரம் திறந்திருக்கும் என்று பெரிய நிறுவனங்கள் பெருமையாகச் சொல்வது, வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் படுத்திருக்கலாம் என்கிற அனுமதி. அந்தக் கணக்கில் எனக்கு இன்னும் நாலே முக்கால் மணி நேரம் பாக்கி இருக்கிறது. மார்ச்சில் ஹார்ட் டிஸ்க் மாற்றிய நாளைச் சேர்த்தால்... சரி, அதைச் சேர்க்கவில்லை.

ஏன் இந்த வம்பு, காசு கொடுத்தோ இலவசமாகவோ ஓர் இடத்தில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்கிறீர்கள். இருந்தேன். எட்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். ஓர் இலவச சேவையில் 212 கட்டுரைகள் வைத்திருந்தேன். அந்தச் சேவை மூடப்போகிறது, முப்பது நாளில் உங்கள் பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் அனுப்பினார்கள். நான் திறப்பதையே விட்டுவிட்ட பழைய மின்னஞ்சலுக்கு அந்தக் கடிதம் போயிருக்கிறது. ஒருநாள் ஒரு வாசகருக்குச் சுட்டி அனுப்பலாம் என்று முகவரியைத் தட்டினால், அங்கே யாரோ எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள். பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடித் தேடி 61 கட்டுரைகளை மீட்டேன். படங்கள் ஒன்றுகூட வரவில்லை. என் அப்பா ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஒரு படம் அதில் இருந்தது. வேறு பிரதி எடுக்கவில்லை. என் முட்டாள்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு மட்டும் நடந்ததா? இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டிஸ் 2009-இல் போனது. முகநூல் போன்ற ஆர்குட் 2014 செப்டம்பர் 30-இல் போனது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம், பயனர்கள் ஏற்றிய பன்னிரண்டு வருடப் பாடல்களைச் சர்வர் மாற்றும்போது தொலைத்துவிட்டதாக 2019-இல் சொன்னது. யாரும் அப்போது ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் சிரிக்கவில்லை. பெரிய வீடு இடிந்தால் துக்கம், சின்ன வீட்டில் ஓடு விலகினால் வேடிக்கை.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

இனி வழக்கமான கேள்விகள். முதலில் எல்லோரும் கையில் எடுப்பது பாதுகாப்பு. "வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாய், ஹேக்கர்கள் உள்ளே வந்துவிடுவார்கள்." வருகிறார்கள்தான், தினமும் வருகிறார்கள். யார் வந்து என்ன கேட்டார்கள் என்று பதியும் லாக் கோப்பில் போன செவ்வாய்க்கிழமை 1,900 வரிகளுக்கு மேல்; மனிதர்கள் என்று நான் நம்புவது 41 பேர். மற்றதெல்லாம் தானியங்கி நிரல்கள். பாதிக்கு மேல், பலர் தளம் நடத்தப் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் உள்நுழைவுப் பக்கத்தைத் தேடுகின்றன. என்னிடம் வேர்ட்பிரஸ்ஸே இல்லை. வெறும் எச்டிஎம்எல் கோப்புகள், கையால் எழுதியவை. கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பு எங்கே என்று கேட்கிறார்கள், தரவுத்தளத்தின் பிரதி எங்கே என்று கேட்கிறார்கள். இல்லாத அறையின் இல்லாத கதவைத் தட்டிவிட்டு, 404 ("அப்படிப் பக்கம் இல்லை" என்ற பதில்) வாங்கிக்கொண்டு போகிறார்கள். இணையத்தில் முகவரி உள்ள எந்தக் கணினியிலும் இந்தத் தட்டல் கேட்கும், அது தரவு மையத்தில் இருந்தாலும் மேசைக்கு அடியில் இருந்தாலும்.

நான் செய்திருப்பது இவ்வளவுதான். ரௌட்டரில் வலைப்பக்கங்களுக்கான 80, 443 என்ற இரண்டு போர்ட்கள் (எண்ணிட்ட வாசல்கள்) மட்டும் திறந்திருக்கின்றன. தானாகப் போர்ட் திறந்துகொள்ளும் வசதியை அணைத்துவிட்டேன். அந்தக் கணினியை வீட்டின் மற்றச் சாதனங்களோடு பேச முடியாதபடி தனி நெட்வொர்க்கில் ஒதுக்கியிருக்கிறேன். தளத்தைக் கொடுக்கும் நிரலுக்குக் கோப்புகளைப் படிக்க உரிமை உண்டு, எழுத உரிமை இல்லை. அப்டேட்கள் தானாக நடக்கின்றன. தளத்துக்குப் பாதுகாப்பான இணைப்புக்காக லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ் 90 நாள் செல்லும். அதற்குள் தானே புதுப்பித்துக்கொள்கிறது. முழுப் பிரதி ஒன்று இன்னொரு டிஸ்க்கில், இன்னொன்று அக்கா வீட்டில். முதல் வருடம், தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் 22-ஆம் போர்ட்டை வெறும் கடவுச்சொல்லோடு வெளியே திறந்து வைத்திருந்தேன். ஒரே இரவில் ஆயிரக்கணக்கான முயற்சிகள். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஆகவே ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. தெரியாமல் இறங்காதீர்கள் என்று சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். "கடை விரித்தால் இப்படித்தான்" என்பது எச்சரிக்கையா?

அடுத்தது மின்சாரம். 50 வாட் பெட்டி இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 1.2 யூனிட், மாதம் 36. ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினியில் இதில் சிறு பங்குதான் ஆகும் என்பீர்கள். உண்மை. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அடுத்த கேள்விக்குப் போவோம்.

"கூட்டம் வந்தால் தாங்குமா?" என் பக்கம் ஒன்று 60 கிலோபைட். பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ். வினாடிக்கு இருபது பேர் வரலாம். என் எழுத்தைப் படிக்க வினாடிக்கு இருபது பேர் வரும் நாளில் அந்தப் பெட்டி தாராளமாகப் படுத்துக்கொள்ளட்டும். சந்தோஷத்தில் நானும் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறேன்.

எல்லோராலும் முடியாது என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழைய வகை முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 429 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் பல நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. உங்கள் ரௌட்டரின் வெளி முகவரி 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டுக்குடும்பத்தில் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து யாரும் நேராக உங்கள் கதவுக்கு வர முடியாது. வீட்டு இணைப்பில் சர்வர் வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் நிறுவனங்களும் உண்டு. படித்துவிட்டு இறங்குங்கள். "அப்படியானால் சொந்தம் என்று எதைச் சொல்கிறாய், தளத்தின் பெயரான டொமைனும் வருட வாடகைதானே?" வாடகைதான். கம்பியும் என்னுடையதில்லை. ஆனால் தெரு அடைபட்டாலும் வீட்டுக்குள் இருக்கும் பொருள் என் கையில் இருக்கும். முப்பது நாள் கடிதம் யாரும் அனுப்ப முடியாது.

உலகத்தின் முதல் வலைத்தளம் எங்கே ஓடியது என்று நினைக்கிறீர்கள்? ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய நெக்ஸ்ட் நிறுவனக் கணினியில். இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையில் கையால் எழுதிய ஒரு சீட்டு அதில் ஒட்டியிருந்தது. என் பெட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, அதே வாசகம். அப்படியிருந்தும் அக்கா மகள் ஒருமுறை அதன் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் போனைச் சார்ஜில் போட்டாள். "சீட்டு ப்ளக்கில் ஒட்டவில்லையே மாமா" என்றாள். இப்போது ப்ளக்கிலும் ஒட்டியிருக்கிறேன்.

சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை என்று எனக்கே இப்போதுதான் புரிகிறது.

அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டவர் வேறு யாராகவாவது இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நான் எழுதிய அதே இலவச சேவையில்தான் அவரும் எழுதினார். அவருடைய முதல் முப்பத்து நான்கு கவிதைகளும் அதோடு போயின. பிழை திருத்தக் கொடுத்திருந்ததால் என்னிடம் ஒரு பிரதி இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் இரவு பதினொரு மணிக்கு அழைத்து, "அது இருக்கிறதா?" என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் அனுப்பினேன். எங்கிருந்து? இந்தப் பெட்டியிலிருந்து. "உன் பெட்டி நீடூழி வாழ்க" என்றார். அந்தச் செய்தி இன்னும் போனில் இருக்கிறது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கே அவர் பார்த்திருக்கிறார். ஒரு போன் செய்திருந்தால், இருந்த இடத்திலிருந்தே அக்கா மகளை விட்டுச் சரிசெய்திருப்பேன். தளம் படுத்தால் எனக்குச் சொல்ல எந்த நிறுவனமும் இல்லை, நண்பர்கள்தான் உண்டு. கடைசியில் அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்துத்தான் எனக்கே விஷயம் தெரிந்தது என்பதால், ஒருவகையில் அவருக்கு நான் நன்றியும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

என் தளத்தில் விளம்பரம் இல்லை, வருகிறவரைப் பின்தொடரும் நிரல் இல்லை. லாக் கோப்பு மட்டும்தான். அதில் சில வாரங்களாக ஒருவர் வருகிறார். இரவு பத்து ஐம்பது வாக்கில் வந்து ஒரே ஒரு கட்டுரையைத் திறப்பார், மறுநாள் அதற்கு அடுத்தது. முதல் கட்டுரையிலிருந்து வரிசையாக. யாரென்று தெரியாது. சனிக்கிழமையும் வந்தார், அறுபத்து மூன்றாவதைப் படித்தார். பகலில் நடந்த எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது.

இன்றிரவு பத்து மணிக்கு ரௌட்டரை யுபிஎஸ்ஸுக்கு மாற்றப்போகிறேன். அரை மணி நேரம் தளம் திறக்காது. ஸ்க்ரீன்ஷாட் தேவைப்படுகிறவர்கள் அந்த நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். பத்தே முக்காலுக்குள் எப்படியும் முடித்துவிட வேண்டும்.