பிரைஸ் யங்கை உட்கார வைத்தது சரி என்கிறவர்களுக்கு

நேற்று ராத்திரி நண்பர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு மறுபடியும் அங்கேயே வந்து நின்றது. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் தடுமாறினால் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும், எங்கள் ஊர் அணியான கேரலைனா பேந்தர்ஸின் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை 2024-இல் பெஞ்சில் உட்கார வைத்ததால்தான் அவர் தேறி வந்தார் என்று நண்பர் அடித்துச் சொன்னார். சார்லட்டில் இருக்கிற எங்களுக்கு இது சொந்த வீட்டு விஷயம் மாதிரி. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை, ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்காக ஒன்று மட்டும். பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வந்ததும் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க இரண்டரை, மூன்று நொடிதான் கிடைக்கும். அந்த நொடிகளை அவருக்குச் சம்பாதித்துத் தருவது முன்னால் சுவர் மாதிரி நிற்கிற ஐந்து லைன்மேன்கள். சுவர் இடிந்தால் எப்பேர்ப்பட்டவரும் தரையில்தான்.

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில், 2023-இல் யங்கை முதல் ஆளாக எடுப்பதற்காக கேரலைனா பேந்தர்ஸ் சிகாகோ அணிக்கு என்னவெல்லாம் கொடுத்தது என்று பாருங்கள். அந்த வருடத்தின் இரண்டு தேர்வுகள், 2024-இன் முதல் சுற்று, 2025-இன் இரண்டாம் சுற்று, இது போக டி.ஜே. மூர். எறிகிற பந்தைப் பிடிக்கிற ரிசீவர்களில் அணியின் சிறந்தவரையே கொடுத்துவிட்டு, பந்தை எறிய ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். முதல் வருடத்தில் 62 முறை அவரைப் பந்தோடு கீழே தள்ளினார்கள். பதினோரு ஆட்டத்தில் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கின் வேலை போனது. 17 ஆட்டத்தில் இரண்டே வெற்றி.

2024-இல் புதுப் பயிற்சியாளர் டேவ் கனாலிஸ். சுவரைச் சரிசெய்ய ராபர்ட் ஹண்டுக்கு 10 கோடி டாலர், டேமியன் லூயிஸுக்கு 5.3 கோடி டாலர் ஒப்பந்தம். சரி, இப்போதாவது புரிந்துகொண்டார்களே என்று சந்தோஷப்பட்டேன். முதல் ஆட்டத்தில் செயின்ட்ஸிடம் 47-10 என்று தோற்றார்கள். இரண்டாவது ஆட்டம் இங்கேயே, சார்ஜர்ஸுக்கு எதிராக. மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், 9-ஆம் எண் சட்டை போட்டிருந்தான். 26-3. யங் எறிந்து எடுத்தது மொத்தமே 84 யார்டு. எங்களுக்கு முன்வரிசையில் ஒருவர் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கத்திக்கொண்டே இருந்தார். மகன் என் கையைப் பிடித்து, "ஏம்ப்பா நம்ம ஆளுங்களே திட்டுறாங்க?" என்று கேட்டான். கடைசிக் கால் பகுதியில், குளிருக்கென்று கொண்டுபோன மேல்சட்டையை எடுத்து அந்த 9-க்கு மேலே போட்டுக்கொண்டான். செப்டம்பர் வெயிலில்.

மறுநாளே யங் பெஞ்சுக்குப் போனார். இரண்டு ஆட்டம், அவ்வளவுதான்.

பதிலுக்கு வந்த ஆண்டி டால்டன் முதல் ஆட்டத்திலேயே மூன்று டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) எறிந்து ரைடர்ஸை 36-22 என்று வீழ்த்தினார். பார்த்தாயா, பையன்தான் பிரச்சினை என்றார்கள். அடுத்த நான்கு ஆட்டமும் தோல்வி. அவற்றில் எதிரணிகள் எடுத்த புள்ளிகள் வரிசையாக 34, 36, 38, 40. எதிரணி பந்து வைத்திருக்கும்போது குவார்ட்டர்பேக் களத்திலேயே கிடையாது, அதற்கு யங்கோ டால்டனோ என்ன செய்ய முடியும்?

அப்புறம் யங் திரும்பி வந்தது எப்படி என்பதை நண்பர் வசதியாக மறந்துவிட்டார். அக்டோபரில் டால்டன் குடும்பத்தோடு போன கார் விபத்தில் சிக்கியது. நல்லவேளை பெரிதாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவருடைய கட்டைவிரல் மட்டும் சுளுக்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் யங்கை இறக்கினார்கள். இதைத் திட்டமிட்ட வைத்தியம் என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. அந்த ஐந்து வாரம் வெளியே உட்கார்ந்து பார்த்தது அவருக்கு உதவியிருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுளுக்கு இல்லையென்றால் அவர் எப்போது, எந்த அணிக்காக அடுத்து ஆடியிருப்பார்?

இந்த அணிக்கு இது புதிதும் இல்லை. 2022-இல் பேக்கர் மேஃபீல்ட், சாம் டார்னல்ட் என்ற இரண்டு குவார்ட்டர்பேக்குகளுமே இங்கேதான் இருந்தார்கள். மேஃபீல்டை சீசன் நடுவிலேயே அனுப்பிவிட்டார்கள், டார்னல்டும் அடுத்த வருடம் போய்விட்டார். மேஃபீல்ட் டாம்பா பே அணிக்குப் போய், எங்கள் அணியும் இருக்கிற நான்கு அணிப் பிரிவையே இரண்டு வருடம் தொடர்ந்து ஜெயித்தார். டார்னல்ட் 2024-இல் மின்னசோட்டாவுக்கு 14 வெற்றி வாங்கித் தந்தார். இரண்டு பேரும் இங்கே உதவாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள்! நல்ல சுவரும் பொறுமையான பயிற்சியாளரும் கிடைத்த இடத்தில் நிமிர்ந்தார்கள்.

எதிர்த்தரப்பில் நான் மதிக்கிற வாதம் ஒன்றே ஒன்றுதான். அணியில் 53 பேர் இருக்கிறார்கள், ஒருவர் பழகுவதற்காக மற்றவர்களின் வருடம் வீணாக வேண்டுமா என்பது. நியாயம்தான். 35 வயது லைன்மேனுக்கு இன்னொரு சீசன் கிடைக்குமோ கிடைக்காதோ. ஆனால் யங் திரும்பி வந்தபின் அதே ஆட்கள்தான் சீஃப்ஸோடு 30-27 வரையும் ஈகிள்ஸோடு 22-16 வரையும் போராடித்தான் தோற்றார்கள். ஈகிள்ஸ் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அவர் நீளமாக எறிந்த பந்து ரிசீவர் லெகெட்டின் கைக்கே போய் நழுவியது. அது மட்டும் நின்றிருந்தால் முன்னிலைக்கே போயிருப்பார்கள். கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவை ஓவர்டைமில் 44-38 என்று சாய்த்தபோது மூன்று டச்டவுன் எறிந்து, இரண்டு தானே ஓடி எடுத்தார்.

2025 சீசனில் 8 வெற்றி, 9 தோல்வி என்ற கணக்கோடு பிரிவை ஜெயித்து, 2017-க்குப் பிறகு முதல்முறையாக, தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃப் சுற்றுக்குப் போனோம். ராம்ஸிடம் 34-31 என்று தோற்றோம். ஆட்டம் முடிந்து வெகுநேரம் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. மகன் அந்தப் பழைய 9 சட்டையோடுதான் தூங்கப் போனான், இப்போது அவனுக்குத் தோளில் பிடிக்கிறது.