அந்த இரங்கற்பா ஷேக்ஸ்பியருடையது அல்ல

‘ஷேக்ஸ்பியர் எழுதிய, யாருக்கும் தெரியாமல் கிடந்த இரங்கற்பாவைக் கணினி கண்டுபிடித்தது’ என்றொரு செய்தி இன்னும் சுற்றுகிறது. பழைய செய்தி, அதுவும் தவறானது.

1612 ஜனவரியில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், எக்ஸிடர் நகருக்கு அருகே வில்லியம் பீட்டர் என்பவர் கொலையுண்டார். சில வாரங்களிலேயே அவர் நினைவாக 578 வரிப் பாடல் ஒன்று லண்டனில் அச்சேறியது. ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘டபிள்யூ. எஸ்.’ என்ற இரண்டு எழுத்துகள்தான். வெளியிட்டவர் தாமஸ் தோர்ப். 1609-இல் ஷேக்ஸ்பியரின் சானட்டுகளை (பதினான்கு வரிக் கவிதைகளை) வெளியிட்ட அதே ஆள். சந்தேகம் வராமல் இருக்குமா?

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஃபாஸ்டர் கணினி உதவியோடு சொற்களை எண்ணிப் பார்த்து, 1990-களில் இது ஷேக்ஸ்பியர்தான் என்று வாதிட்டார். சில தொகுப்பு நூல்கள் பாடலைச் சேர்த்தும் விட்டன. பாடலோ சலிப்பூட்டும் உபதேசம். அப்போதே பலர் முகம் சுளித்தார்கள்.

2002-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஜில் மோன்சரா, இதை நாடகாசிரியர் ஜான் ஃபோர்டின் எழுத்துகளோடு ஒப்பிட்டார். முக்கியமாக, 1613-இல் அச்சான ஃபோர்டின் நெடும் பக்திப் பாடலோடு. கிறிஸ்துவின் இரத்த வியர்வையைப் பற்றியது அது. பல சொற்றொடர்கள் ஒத்துப்போயின. ஃபோர்டு 1606-லேயே இரங்கற்பா எழுதி அச்சிட்டவர், பீட்டரைப் போலவே டெவன் பகுதிக்காரர். அதே ஆண்டு ஃபாஸ்டரே தன் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இந்தப் பகுதியை மட்டும் யாரும் பகிர்வதில்லை.