பால்மரத்துத் தோலும் ஹாலோவீன் பொம்மையும்

அக்டோபர் பிறந்துவிட்டால் கோலாலம்பூர் பேரங்காடிகளில் வெள்ளைப் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் தொங்க ஆரம்பித்துவிடும். பக்கத்தில் பஞ்சைப் பிய்த்து ஒட்டிய சிலந்தி வலை, மேலே சிவப்புப் பெயின்ட் தெளித்த துணி. சின்னப் பிள்ளைகூட நின்று பார்ப்பதில்லை. காரணம் எளிது: செய்தவர்கள் உருவத்தை மட்டும் யோசித்தார்கள், எதனால் செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. மண்டையோட்டின் உருவம் நம் கண்ணுக்குப் பழகி நாளாகிவிட்டது. தொட்டால் எப்படி இருக்கும் என்று மனம் தானாக நினைத்துப் பார்க்கும் பொருள்தான் வயிற்றைப் புரட்டும்.

இதற்குத் தெளிவான சான்று மெரெட் ஓப்பன்ஹைம் என்ற கலைஞர் 1936இல் செய்த கோப்பை. சாதாரணத் தேநீர்க் கோப்பை, தட்டு, கரண்டி மூன்றையும் மான் ரோமத்தால் போர்த்திவிட்டார். இன்று அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரத்தம் இல்லை, பல் இல்லை, பேயும் இல்லை. ஆனால் உதட்டுக்குக் கொண்டுபோவதை நினைத்தாலே வாய் கூசுகிறது. ஹாலோவீன் அலங்காரம் செய்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான் என்பேன்.

அப்படி ஒரு பொருள் நம் நாட்டிலேயே விளைகிறது. ரப்பர் பால். தோட்டப்புறத்தில் நம் பாட்டன் பாட்டிமார் மங்கில் (மரத்தில் பால் வடியும் கிண்ணத்தில்) சேர்த்த அதே பால், காய்ந்ததும் மனிதத் தோலுக்கு மிக நெருங்கி வருகிறது. வெளிச்சம் ஊடுருவும், பழுப்பு மஞ்சளாகும், சுருங்கும், இழுத்தால் இழுபடும். உலகமெங்கும் முகமூடிகள் இதில் செய்யப்படும்போது, நம் ஊர்க்காரர்கள் இறக்குமதிப் பிளாஸ்டிக்குக்குக் காசு கொடுப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மரத்திலிருந்து இறங்கும் பாலை அப்படியே பயன்படுத்த முடியாது. அதில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான், சில மணி நேரத்தில் உறைந்தும்விடும். கைவினைக் கடைகளிலும் இணையத்திலும் விற்பது செறிவூட்டிய பால்: ரப்பர் ஏறத்தாழ 60 விழுக்காடு, கெடாமலிருக்க அம்மோனியா சேர்த்தது. கந்தகம் சேர்த்து முன்கூட்டியே பதப்படுத்திய வகையாகக் கேட்டு வாங்குங்கள். பதப்படுத்தாத பால் காய்ந்த பிறகும் பிசுபிசுத்து, நம் ஊர்ச் சூட்டில் தொய்ந்துவிடும்.

ஆள் அளவு மண்டை ஒன்றுக்கு மூன்று பூச்சு போடக் கால் லிட்டர் பால் போதும். உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கி உருட்டி, காகித டேப்பால் இறுக்கிக் கட்டுங்கள். மேலே காயத்துக்குக் கட்டும் மெல்லிய கட்டுத்துணியைக் கிழித்துக் கிழித்து, பாலில் நனைத்து ஒட்டுங்கள். நேராக ஒட்டாமல் கொஞ்சம் சுருக்கம் விழ விடுங்கள். கன்னம் குழியும் இடத்திலும் கண் ஓரத்திலும் துணியை இரண்டு மடிப்பாக்கினால் காயும்போது அதுவே இழுத்துச் சுருங்கும். கழுத்து நரம்புக்குச் சணல் கயிறு.

இதில் பெரும்பாலோர் தோற்கும் இடம் பொறுமை. அமெரிக்கக் காணொளியில் ஒரு பூச்சு அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்பார்கள். அவர்களுடையது வறண்ட இலையுதிர்காலம். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், அக்டோபர் நவம்பரில் பிற்பகலானால் இடிமழையும் சேர்ந்துகொள்ளும். வெள்ளையாக இருக்கும் பூச்சு முழுவதும் தேன் நிறத்துக்கு மாறும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம், மழை நாளில் ஓர் இரவே ஆகலாம். அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து, உள்ளே தண்ணீர் சிறைப்பட்டுக் கொப்புளம் கட்டும், பிறகு நாறும். கொளுத்தும் வெயிலில் வைப்பதும் இதே வேலையைத்தான் செய்யும். நிழலில் வைத்து மின்விசிறியை ஓட விடுவதே சரி. குளிர்சாதன அறை இன்னும் நல்லது, ஆனால் அம்மோனியா நெடி அடங்கும்வரை கதவு ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

இன்னும் சில கண்டிப்புகள். செம்புக் கம்பியை உள்ளே வைக்காதீர்கள். செம்பு ரப்பருக்கு நஞ்சு, அது பட்ட இடம் சீக்கிரம் இளகிக் கறுத்துக் கெடும். பித்தளை ஆணியும் அப்படியே. துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியோ அலுமினியக் கம்பியோ போடுங்கள். எண்ணெய், வாசலின், எண்ணெய்ப் பெயின்ட் எதுவும் ரப்பர்மேல் படக்கூடாது, ஊதிப்போய்விடும். நிறத்துக்கு அக்ரிலிக் பெயின்ட்டைப் பாலிலேயே கலக்கலாம், பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஈரத்தில் வெளிறித் தெரியும் நிறம் காய்ந்ததும் இரண்டு படி கறுக்கும் என்பதை மனதில் வைத்துக் கலக்குங்கள். தூரிகையைப் பாலில் முக்கும் முன்பு பாத்திரம் கழுவும் சோப்பில் நன்றாக ஊற வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே தடவையில் குச்சியாகிவிடும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

தோல் மட்டும் தனியாக வேண்டுமென்றால் வழவழப்பான ஓடு அல்லது கண்ணாடிமேல் மூன்று மெல்லிய பூச்சு. காய்ந்ததும் முகப்பவுடர் தூவி, உரிக்க உரிக்கப் பின்பக்கத்திலும் தூவிக்கொண்டே போங்கள். பவுடர் போடாத ரப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. பம்ளிமாஸ் தோலின் வெளிப்புறத்தில் பூசி உரித்தால் மயிர்க்கால் துளைபோல் புள்ளி விழும். சேம்பிலையின் அடிப்பக்கம் நரம்பு நரம்பாகப் பதியும். அதை விளக்குக்கு முன்னால் தொங்க விட்டுப் பாருங்கள், எந்தப் பிளாஸ்டிக் எலும்புக்கூடும் பக்கத்தில் நிற்காது. கட்டி, புண், வீக்கம் வேண்டுமானால் தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் பால் எடுத்துச் சில சொட்டு வினிகர் விட்டுக் கிளறுங்கள். கண் முன்னாலேயே திரிந்து கட்டி கட்டியாகும். தோட்டத்து ஆலையில் ஆசிட் ஊற்றி உறைய வைத்தார்களே, அதே வேதியியல். அந்தக் கட்டிகளை ஈரத்தோடு ஒட்டி, மேலே ஒரு பூச்சு. பால்வாளிக்குள் மட்டும் ஒரு சொட்டுகூடத் தெறிக்கக் கூடாது, முழு வாளியும் போய்விடும்.

ரப்பர் நிலைக்காது என்பது உண்மை. சிற்பி இவா ஹெஸ் 1969இல் துணி, ரப்பர் பால், கண்ணாடியிழை கொண்டு செய்த தொங்கும் திரைகள் கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. ரப்பர் காலப்போக்கில் கறுத்து விறைத்துவிடும் என்பதால் அப்படிப்பட்ட படைப்புகளைக் காப்பது அருங்காட்சியகங்களுக்குப் பெரிய தலைவலி. நமக்கோ அது வரம். இரண்டாம் ஆண்டு பொம்மை முதலாம் ஆண்டைவிடக் கோரமாக இருக்கும்.

காகிதக் கூழ் வேலைக்கு வருவோம். இங்கேயும் வெளிநாட்டுக் குறிப்பு நம்மை ஏமாற்றும். பூஞ்சை வராமலிருக்க மாவுப் பசையில் உப்புப் போடச் சொல்வார்கள். ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் ஊரில் அது பூஞ்சையைத் தடுப்பதைவிட பொம்மையை ஈரமாகவே வைத்திருக்கும். மாவுப் பசையை மறந்துவிட்டு, வெள்ளைத் தச்சுப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். கரப்பான் பூச்சியும் வராது. இரண்டு அடுக்குக்கு மேல் ஒரே நாளில் ஒட்ட வேண்டாம்.

பெரிய உருவம் எப்படி நிற்க வேண்டும் என்று பார்க்க, பினாங்கு புக்கிட் மெர்தாஜாமில் சீனர்களின் ஏழாம் மாதப் பேய்த் திருவிழாவுக்கு எழுப்பும் மூங்கில், காகித உருவத்தைப் போய்ப் பாருங்கள். கடைசியில் எரிக்கப்போகும் ஒன்றுக்கு அத்தனை உழைப்பு. மூங்கில் சிம்பைக் கட்டும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அது வழிபாட்டு உருவம், அதை அலங்காரமாக நகல் எடுக்கக் கூடாது. கேரித் தீவில் வாழும் மா மெரி பழங்குடி மக்களின் மரமுகங்களுக்கும் இதையே சொல்வேன். நம் முனியாண்டியையும் பேச்சியையும் பேயாக்கி நிறுத்துகிறவர்களுக்கும்தான்.

எலும்பு. கோழி எலும்பும் மீன் எலும்பும் போதும். பன்றி எலும்பு மலாய்க்காரர் பக்கத்து வீட்டுக்கும், மாட்டெலும்பு நம்மவர் பலருக்கும் மனம் நோகும். அடுக்குமாடியில் கதவும் கதவும் எதிரெதிரே இருக்கும்போது இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க வேக வைக்காதீர்கள், கொழுப்பு எலும்புக்குள் இறங்கிப் பிறகு மஞ்சளாக வடியும். இளஞ்சூட்டில் வைத்துச் சதையைக் கழற்றி, பாத்திர சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நாள், தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வையுங்கள். வெளுக்க மருந்துக்கடையில் விற்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு. குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம், அது எலும்பை அரித்துச் சுண்ணாம்புக்கட்டிபோல் உதிர்த்துவிடும். பெராக்சைடு ஊற்றிய பாத்திரத்தை இறுக மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கும், மூடியைத் தளர்வாக வையுங்கள்.

பூசணிக்கு நான் ஆதரவாளன் இல்லை. செதுக்கிய பூசணி நம் வெப்பத்தில் சில நாளிலேயே உள்ளே பூத்து, உட்கார்ந்துவிடும். நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பிளீச் கலந்து முக்கி எடுத்து, வெட்டிய ஓரங்களில் வாசலின் தடவினால் ஓரிரு நாள் கூடும், அவ்வளவே. திருஷ்டிக்குத் தொங்கவிடும் நீர்ப்பூசணியைப் பாருங்கள்: வெட்டாமல் தோல்மேல் முகம் வரைவதால்தான் அது வாரக்கணக்கில் நிற்கிறது.

பூசணியைவிட ஆப்பிள் பல மடங்கு பயங்கரம். பெரிய ஆப்பிளின் தோலைச் சீவி, கண், மூக்கு, வாயை ஆழமாக, மிகைப்படுத்திச் செதுக்குங்கள், சுருங்கும்போது பாதி மறைந்துவிடும். எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் முக்கினால் கறுப்பது குறையும். இதற்கும் உப்பு வேண்டாம். வெயிலில் காய வைத்தால் இங்கே காய்வதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும். ஓவன் அடுப்பை 90 டிகிரியில் வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டு, எடை பாதிக்கும் கீழே வரும்வரை விடுங்கள். தொண்ணூறு வயதுக் கிழவியின் முகம் கிடைக்கும். பல்லுக்குப் பச்சரிசி, முடிக்குத் தேங்காய் நார். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கண்ணாடிப் போத்தலில் அடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு தேடி வரும்.

இரத்தத்தில் பளிச் சிவப்பு பொய். காய்ந்த இரத்தம் பழுப்பு. கட்டுத்துணியை வடிகட்டிய கோப்பி ஓவில் (பால் கலக்காத கோப்பியில்) நனைத்துக் காய வைத்து, மேலே அடர்சிவப்பும் கறுப்பும் கலந்த அக்ரிலிக்கைத் தொட்டுத் தொட்டு வைத்தால் போதும். மண்டி கலந்த கோப்பி பூஞ்சை பிடிக்கும், கவனம். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஓர் இரவு நிகழ்ச்சிக்கு அது அழகாக நிற்கும், வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வெளிறிவிடும். சுண்ணாம்பு எரியும் என்பதால் முகத்தில் பூசக் கூடாது.

பழைய பொம்மைத் தலை, உடைந்த கண்ணாடிச் சட்டம், செயற்கைப் பல்வரிசை எல்லாம் பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் தேடலாம். வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே படச்சுருளைச் சுருட்டி உள்ளே எல்இடி வைத்தால் அருமையான விளக்கு. நோயாளியின் பெயரும் எண்ணும் உள்ள மூலையை வெட்டி எறிந்துவிடுங்கள். மெழுகுவத்தி எங்கும் வேண்டாம். ரப்பர், கட்டுத்துணி, ஸ்பிரே ஃபோம் எல்லாமே சட்டென்று பற்றும். பிவிசி குழாயை வளைக்கச் சூடேற்றுவதும் கூடாது, கருகினால் வரும் புகை நுரையீரலுக்குக் கேடு.

அடுக்குமாடி நடைபாதை பொதுச் சொத்து. தீ நேர்ந்தால் ஓடும் வழி. அங்கே எதையும் நிறுத்தாமல் கதவின் உட்பக்கமோ பால்கனியோ போதும். 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 ஒரே நாளில் வந்தன. நாள்கள் நெருங்கி வரும் ஆண்டுகளில் பக்கத்து வீட்டுக் கோலத்துக்கு எதிரே பிணத் தோலைத் தொங்கவிடுவது சரியில்லை. தீபாவளி முடியும்வரை பொம்மை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

முடிந்த பிறகு எடுத்து வைக்க: முழுதும் பவுடர் தூவி, மடிக்காமல், கறுப்புப் பிளாஸ்டிக் பையில், வெளிச்சம் படாத அலமாரியில். மோட்டார் ஓடும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், மோட்டார் தீப்பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும். மிச்சப் பாலைச் சாக்கடையிலோ சிங்க்கிலோ ஊற்றினால் குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். வாளியில் வினிகர் விட்டுக் கட்டியாக்கி, குப்பையில் போடுங்கள்.