ஸ்டீவ் கிளாரிட்ஜும் ஆயிரம் ஆட்டங்களும்

2006 டிசம்பர் 9. இங்கிலாந்தின் தென்கரை ஊரான போர்ன்மத்தில் மூன்றாம் அடுக்கு லீக் கால்பந்தாட்டம் ஒன்று. எதிரணி போர்ட் வேல். உள்ளூர் அணி 4-0 என்று படுதோல்வி. தோற்ற அணியின் முன்களத்தில் ஆடியவருக்கு வயது 40. பெயர் ஸ்டீவ் கிளாரிட்ஜ். அவருக்கு அது 1000-வது ஆட்டம். 999-ல் வந்து நின்றுவிட்டவரை போர்ன்மத்தான் கூப்பிட்டுச் சட்டை கொடுத்தது. 1984-ல் அவருக்குக் கிடைத்த முதல் லீக் அணியும் இதே போர்ன்மத்தான்.

எண்ணிக்கையை நிரப்புவதற்காக ஆடிய ஆட்டம்தானே என்று இதைத் தள்ளிவிடுபவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அந்த 999 ஆட்டங்களை யாரும் அவருக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

கிளாரிட்ஜ் மாதிரி ஆட்டக்காரர்களை ஆங்கிலத்தில் 'ஜர்னிமேன்' என்பார்கள். அணி அணியாக மாறிக்கொண்டே இருப்பவர், எங்கும் நிலைக்காதவர் என்ற அர்த்தத்தில்தான் இன்று அது புழங்குகிறது. சொல்பவரின் குரலில் கொஞ்சம் இளக்காரமும் இருக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்கும் பயணத்துக்கும் முதலில் சம்பந்தமே கிடையாது. தொழில் கற்று முடித்து, சொந்தப் பட்டறை இல்லாமல், நாள் கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞருக்குப் பெயர் அது. நாள் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதாவது தன் உளியையும் இழைப்புளியையும் தானே எடுத்துக்கொண்டு வந்து, யார் வீட்டு வேலை என்றாலும் சுத்தமாக முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிற ஆசாரி. இதில் இளக்காரத்துக்கு என்ன இருக்கிறது?

கிளாரிட்ஜின் ஆரம்பம் ஒன்றும் ராஜபாட்டை இல்லை. போர்ன்மத்தில் நிலைக்க முடியாமல், நான்கு அடுக்கு லீகுக்கு வெளியே இருந்த வேமத் அணிக்கு இறங்கினார். அப்புறம் கிரிஸ்டல் பேலஸ். அங்கே முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பிறகு ஆல்டர்ஷாட். அங்கிருந்து 1990-ல் கேம்பிரிட்ஜ் யுனைடெட். ஜான் பெக் என்ற மேலாளரின் காலம் அது. ஆட்டத்துக்கு முன்னால் வீரர்கள் மேல் வாளி வாளியாகப் பச்சைத் தண்ணீரை ஊற்ற வைப்பார். நீளமாக அடிக்கும் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிவிடாமல் நிற்க வேண்டும் என்பதற்காக, மைதானத்தின் மூலைகளில் புல்லை வெட்டாமல் வளர விடுவார். நான்காம் அடுக்கில் இருந்த அந்தச் சின்ன அணி அடுத்தடுத்து இரண்டு முறை மேலே ஏறியது. மூன்றாவது வருடம் முதல் அடுக்கின் வாசல் வரை போய், மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் ஆட்டங்களில் விழுந்தது. கிளாரிட்ஜுக்கும் பெக்குக்கும் ஒத்துப்போகவில்லை, ஒரு நாள் கைகலப்பு வரைக்கும் போனது. லூட்டனுக்கு விற்றார்கள். அதே பருவத்தில் கேம்பிரிட்ஜே அவரைத் திரும்ப வாங்கியது. வேண்டாம் என்று அனுப்பிய ஆளை சில மாதத்தில் காசு கொடுத்துத் திரும்ப அழைக்கிறார்கள் என்றால், அந்த ஆள் செய்துவந்த வேலை என்னவென்று அவர் இல்லாதபோதுதான் தெரிந்திருக்கிறது.

அவரைப் பார்த்தால் தொழில்முறை வீரர் என்றே தோன்றாது. சட்டை வெளியே தொங்கும், சாக்ஸ் கணுக்கால் வரை இறங்கிக் கிடக்கும். சிறுவயதிலிருந்தே இதயத்தில் கோளாறு, அதற்கு மாத்திரை. அந்த இதயத்தோடு, கடைசி விசில் வரைக்கும் தடுப்பாட்டக்காரர்களை விரட்டிக்கொண்டே இருப்பார். பர்மிங்ஹாம் சிட்டி 1995-ல் மூன்றாம் அடுக்கை வென்று மேலே வந்தபோது அந்த அணிக்கு அதிக கோல் அடித்தவர் இவர்தான்.

1996 மார்ச்சில் லெஸ்டர் அணியின் மேலாளர் மார்ட்டின் ஓ'நீல் அவரைத் தன் அணிக்கு அழைத்துப் போனார். மே 27, வெம்ப்ளி, பிளே-ஆஃப் இறுதி, எதிரே கிரிஸ்டல் பேலஸ். எந்த அணி அவரை ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல் அனுப்பியதோ, அதே அணி. வென்றால் முதல் அடுக்கான பிரீமியர் லீக். 1-1 என்று கூடுதல் நேரமும் முடியப் போகிறது. பெனால்டி ஷூட்-அவுட்டுக்குத் தயாராக ஓ'நீல் கோல்கீப்பரையே மாற்றி, உயரமான ஆஸ்திரேலியர் கலாச்சை இறக்கிவிட்டார். அந்தக் கடைசி நிமிடத்தில் பெனால்டி பெட்டிக்கு வெளியே சிதறி வந்த பந்தை கிளாரிட்ஜ் உதைக்கிறார். அது காலணியில் சரியாகப் படவில்லை. முட்டிக்குக் கீழே எலும்பில் பட்டு, வளைந்து, வலையின் மேல் மூலையில் போய் இறங்குகிறது. பேலஸின் கோல்கீப்பர் நைஜல் மார்ட்டின் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

இந்தக் கோலை அதிர்ஷ்டம் என்பார்கள். எலும்பில் பட்டது அதிர்ஷ்டம்தான், சரி. ஆனால் 120-வது நிமிடத்தில், எல்லோருடைய கால்களும் செத்துப்போன நேரத்தில், பெனால்டி வந்தால் வரட்டும் என்று நிற்காமல் அந்தப் பந்தை அடிக்கப் போனது அதிர்ஷ்டமா? எத்தனையோ முறை அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அடுத்த பருவம் பிரீமியர் லீகில் 12 கோல். 1997 ஏப்ரலில் மிடில்ஸ்பரோவுக்கு எதிரான லீக் கோப்பை இறுதியின் மறு ஆட்டம், ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில். மறுபடியும் கூடுதல் நேரம், மறுபடியும் கிளாரிட்ஜ், 1-0. லெஸ்டருக்கு 1964-க்குப் பிறகு அந்தக் கோப்பை. கூடவே ஐரோப்பியப் போட்டிக்கும் இடம் கிடைத்தது. அடுத்த வருடம் 1998-ல் அவர் லெஸ்டரில் இல்லை.

அணி மாறுகிறவர்களைப் பார்த்து 'விசுவாசம் இல்லாதவர்' என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ஆல்டர்ஷாட் அணி 1992-ல் கடனில் மூழ்கி, பருவத்தின் பாதியில் மூடப்பட்டது. பிறந்த ஊரான போர்ட்ஸ்மத் அவரை வீரர்-மேலாளர் ஆக்கிவிட்டு, சில மாதங்களில் மேலாளர் பொறுப்பைப் பறித்தது. மில்வால் 2005-ல் மேலாளராக நியமித்து, ஒரு லீக் ஆட்டம்கூட நடப்பதற்குள் 36 நாளில் அனுப்பிவிட்டது. மற்ற அணிகளும் விற்கும், லோனில் அனுப்பும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடும். அதையெல்லாம் நிர்வாகம் என்கிறோம். ஆட்டக்காரன் பெட்டியைக் கட்டினால் மட்டும் விசுவாசக் கணக்கு பார்க்கிறோம்.

அதோடு, அணி மாறுவது லேசான வேலை இல்லை. பிள்ளைகளின் பள்ளி, வாடகை வீடு எல்லாம் மாறும். வியாழக்கிழமை ஒரு புது டிரெஸ்ஸிங் ரூமில் இருபது முன்பின் தெரியாத முகங்கள். சனிக்கிழமை அவர்களில் பத்துப் பேரோடு களத்தில் இறங்கி, இவர் பந்தை எங்கே போடுவார், அவர் எந்தப் பக்கம் ஓடுவார் என்று புரிந்து ஆட வேண்டும். நட்சத்திரத்துக்கு ஏற்றபடி அணியை வளைப்பார்கள். ஜர்னிமேன் தன்னையே வளைத்துக்கொள்ள வேண்டும். அதை இருபது வருடத்துக்கு மேலாக, இங்கிலாந்தின் நான்கு அடுக்குகளிலும் கோல் அடித்துக்கொண்டே செய்தவர் கிளாரிட்ஜ்.

மில்வாலின் அந்த 36 நாளுக்குப் பிறகும் ஜில்லிங்கம், பிராட்ஃபர்ட், வால்சால் என்று எங்கே கூப்பிட்டாலும் போய் பூட்ஸ் கட்டினார். அப்புறம்தான் அந்த 1000-வது ஆட்டம். அதோடும் நிறுத்தவில்லை. லீகுக்கு வெளியே சால்ஸ்பரி அணிக்கு மேலாளராக இருந்தபோது, 2017-ல், 51 வயதில், தன் அணிக்காகத் தானே சட்டை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்.